பால் கேட்ட கை

என் மகள் பிறந்து எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து போன் வந்தது. "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்துடுங்கம்மா. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார் மேலாளர். குரலில் கோபம் இல்லை. பிள்ளை பெற்றுக்கொள்ளப் போய்த் திரும்பி வராத எத்தனையோ பேரைப் பார்த்துப் பழகிய குரல் அது. "வந்துடுறேன் சார்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் மடியில் கிடந்தவளைப் பார்த்தேன். என்னைத் தவிர வேறு யார் கையாலும் அவள் அதுவரை ஒரு வாய் பால் குடித்ததில்லை.

அந்த வேலை எனக்கு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மருங்காபுரிப் பக்கம். மழையை நம்பிய காடு. என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போடுவதற்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவள் நான். மருத்துவ ஆய்வகப் படிப்பு முடித்து, தில்லை நகரில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளைக் கோட்டோடு எடுத்துக்கொண்ட முதல் படத்தை அம்மா பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். பாதி முகம் மறைந்துதான் இன்றைக்கும் தலை சீவிக்கொள்கிறார். நரம்பு கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் கைவிடும் நோயாளிகளை என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கல்யாணமாகி வந்தது ஸ்ரீரங்கத்துக்கு. அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை வீடு. கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாமனார் மாமியார் இல்லை. இரண்டு வீடு தள்ளி அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, இருக்கிறார். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். பண்டிகை சமயத்தில் அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. வேலைக்குத் திரும்பும்போது பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வது என்று நான் மாசமாக இருக்கும்போதே பேச்சு. "நீ பெத்துக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றவர் அவர்தான்.

போன் வந்த மறுநாளே ஒத்திகை பார்த்தோம். பாலைப் பிழிந்து டம்ளரில் வைத்து, பால் புகட்டும் பாலாடையும் கஞ்சிக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு அண்ணி வீட்டில் விட்டேன்.

"பதினோரு மணி வரைக்கும் எட்டிப் பாக்காத. நீ வந்தா அவ பொழப்பும் கெட்டுது, எம் பொழப்பும் கெட்டுது" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இரண்டு வீடுகள். இரண்டையும் தாண்டி அழுகை கேட்டது. சமையலறைக்குப் போனாலும் கேட்டது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டாலும் கேட்டது. பதினோரு மணிக்கு அண்ணியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தலை கலைந்திருந்தது. தோளெல்லாம் பால். பிள்ளையின் முகம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பசியா தூக்கமா ஒண்ணும் புரியலம்மா. பாலாடையப் பாத்தா மூஞ்சியத் திருப்புறா. தூளியில போட்டா எந்திரிச்சு உக்காந்துக்கறா. ரெண்டு பெத்து வளத்தவ நான். இப்படி ஒரு வக்கீலப் பாத்ததே இல்ல."

பிள்ளை என் மடிக்கு வந்ததும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அண்ணியைப் பார்த்துச் சிரித்தது. "பாத்தியா, சிரிப்ப! கேஸுல ஜெயிச்சுட்டாளாம்" என்று அண்ணியும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு, அப்புறம் வேற எடம் பாக்கலாமேம்மா. உனக்கா வேல கெடைக்காது?"

கிடைக்கும்தான். ஆனால் ஒரு தடவை வீட்டில் உட்கார்ந்துவிட்டால் நான் மறுபடி எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆறு மாதம் ஒரு வருடமாகும், ஒரு வருடம் அடுத்த பிள்ளையாகும். எங்கள் ஊரில் என்னோடு பள்ளியில் படித்தவர்களில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் வேலையை விடப்போகிறோம் என்று முடிவு செய்து விடவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் இருந்தார்கள்.

"ஒண்ணாந்தேதி போறேங்க" என்றேன். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வழி இருந்தது. அது ஏற்கெனவே என் வீட்டுக்குள் விளையாட்டாக வந்து உட்கார்ந்திருந்தது. நான்தான் அதை வழி என்று நினைத்திருக்கவில்லை.

வேலை பார்க்கும் இடத்தில் என் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் பிறவியிலேயே காது கேளாதவர். நான் ரத்தம் எடுத்துக் கொடுக்கும் குழாய்களில் பெயர் ஒட்டி, நிறம் பார்த்துப் பிரித்து அனுப்புவது அவர் வேலை. உதட்டசைவைப் படிப்பார். ஆனால் நான் முகக்கவசம் போட்டிருப்பேனே, எதைப் படிப்பது? அதனால் முதல் மாதத்திலேயே அவரிடமிருந்து கையால் பேசக் கற்றுக்கொண்டேன். முதலில் எண்கள், பிறகு அவசரம், பொறு, தப்பு, சரி. பிறகு டீ. பிறகு மேலாளரைப் பற்றிய சில விஷயங்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், என் தோழி.

நான் விடுப்பில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவார். பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒரு நாள், நான் பேசுவதைக் கவனிக்காமல் அவள் போனில் தெரிந்த கைகளையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழிக்கு ஒரே சந்தோஷம். தன் மகனைப் பற்றிக் கையால் சொன்னார். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதற்கு முன்பே கையால் பால் கேட்டானாம். பிள்ளைகளுக்கு நாக்கைவிடக் கை சீக்கிரம் பணியும் என்றார். பேச்சு வராமல் போய்விடாதா என்று கேட்டேன். அவர் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் வாத்து வாய் போல வைத்துப் படபடவென்று அடித்துக் காட்டினார். இப்போது வாயை மூடுவதே இல்லையாம்.

மூன்றே மூன்று சைகைகள் போதும் என்றார். சிலவற்றைக் குழந்தை விரலுக்கு ஏற்றபடி எளிதாக்கிக் கொடுத்தார். பாலுக்கு, காம்பைப் பிடித்துக் கறப்பது போல ஒரு கையை மூடி மூடித் திறக்க வேண்டும். போதும் என்பதற்கு விரித்த கையை ஆட்ட வேண்டும். தூக்கத்துக்குக் கன்னத்தில் கையை வைக்க வேண்டும். இரண்டு மாதமாக நானும் நினைவு வந்தபோதெல்லாம் காட்டிக்கொண்டுதான் இருந்தேன், 'கைவீசம்மா' சொல்லிக் கொடுப்பது போல.

ஒத்திகை தோற்ற பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை. அவளை எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோய், "பால்... பால்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். ஒவ்வொரு முறை குடிக்கும் முன்னும் காட்டினேன். குடித்து முடித்ததும் "போதுமா?" என்று கையை ஆட்டினேன். அவள் என் மூக்குத்தியைப் பிடுங்கினாள். நான் மறுபடி காட்டினேன்.

பத்தாவது நாள் காலையில் கண் விழித்து, கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கையைத் தூக்கி மூடினாள். திறந்தாள். அது தன் கைதானா என்பது போல அதையே பார்த்துக்கொண்டு மறுபடி மூடினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் போட்ட சத்தத்தில் கணவர் பல் தேய்த்துக்கொண்டே ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"பால் கேட்டாங்க!"

"யாரு, பக்கத்து வீட்டம்மாவா? இல்லன்னு சொல்லிடு."

"உங்க பொண்ணுங்க!"

வாயில் நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு என்ன சைகை? அப்பாவுக்கு?" என்று தன் மீசையைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு அதில் எந்த ஆர்வமும் இல்லை. பசித்தால் பால், அவ்வளவுதான்.

மூன்றே நாளில் 'போதும்' வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வலது கையையே ஒவ்வொரு சைகைக்கும் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்சடித்து, கீழே கொட்டை எழுத்தில் பால், போதும், தூக்கம் என்று எழுதி, அண்ணி வீட்டில் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஒட்டியதோடு நின்றேனா? வகுப்பே எடுத்தேன்.

"கேட்டாத்தான் குடுக்கணும் அண்ணி. நாமளா வாயில திணிக்கக்கூடாது. படத்துல இருக்கற மாதிரியே செய்ய வைக்கணும். ஆளுக்கு ஒரு விதமாக் காட்டுனா பிள்ளைக்குக் கொழம்பிடும்."

அண்ணி வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஊசிகளை எடுத்த பிறகு, "சரிங்க டீச்சர்" என்றார்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் விட்டேன். "கேக்கவே இல்லம்மா, சும்மா அழுதா" என்றார். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள், "கையக் கைய ஆட்டுனா, அப்புறம் கோவிச்சுக்கிட்டா." நான்காம் நாள் வீட்டிலும் நின்றுவிட்டது. காலையில் விழித்தவள் கையைத் தூக்கவே இல்லை. நான் காட்டினேன். என் கையைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு அழுதாள். முந்தின நாள் வரை வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்.

எனக்கு அண்ணி மேல் சந்தேகம் வந்தது. அவர் தையல் அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பார், பழைய பழக்கத்தில் பாலாடையை வாயில் வைத்து அழுத்தியிருப்பார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் போய் நின்றுகொண்டே கேட்டேன். "நான் எழுதி வச்சபடிதான் செய்றீங்களா அண்ணி?"

"அதுல ஒரு நூல் பிசகல. படத்தப் பாத்துப் பாத்துத்தான் செய்றேன்."

"அப்புறம் ஏன் வரமாட்டேங்குது? இதெல்லாம் கொஞ்சம் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டுச் செய்ற விஷயம் அண்ணி."

சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. அண்ணி எட்டாவது வரை படித்தவர். அதற்குமேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லாமல், தம்பியை மட்டும் படிக்க வைத்தார்கள். அந்தத் தம்பிதான் என் கணவர். அண்ணி காலை மெஷினில் வைத்து மிதித்தார். அரை முழத் துணி ஓடி முடிந்த பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்குக் கொண்டு வந்து விடுற?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து, சேர்ந்துகொள்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க தில்லை நகர் வரை போகவேண்டியிருந்தது. மதியம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனேன். வேலை சீக்கிரமே முடிந்தது. சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கெல்லாம் சந்துக்குள் வந்துவிட்டேன். அழுகைச் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செருப்பைக் கழற்றாமல் முன்னறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

அண்ணி மெஷினை விட்டு இறங்கித் தரையில் பாய் விரித்து, பிள்ளையை எதிரே உட்கார வைத்திருந்தார். பக்கத்தில் டம்ளர், பாலாடை எல்லாம் தயாராக இருந்தன. பிள்ளை கையைத் தூக்கி மூடித் திறந்தது. கேட்டது! தெளிவாகக் கேட்டது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

அண்ணி அந்தக் கையை மெல்லப் பிடித்தார். முத்தம் கொடுத்தார். கீழே இறக்கித் தொடைக்கு அடியில் சொருகினார்.

"பீச்சாங்கையால பால் கேக்கலாமா என் தங்கம்? சோத்தாங்கை எங்க? சோத்தாங்கைய அத்தைக்குக் காட்டு... அம்மா படத்துல எந்தக் கை போட்டிருக்கா பாரு."

வலது கையை எடுத்து, விரல்களை மூடித் திறந்து காட்டினார். பிள்ளை அதை இழுத்துக்கொண்டு மறுபடி இடது கையைத் தூக்கி மூடியது. மறுபடி முத்தம். மறுபடி தொடைக்கு அடியில். மூன்றாவது தடவை பிள்ளையின் உதடு பிதுங்கியது. பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டது.

கேட்கிற ஒவ்வொரு முறையும் கேட்ட கையைப் பிடித்து இறக்கினால், அவளுக்கு அது 'இல்லை' என்றுதானே தெரியும்? கேட்காதே என்றுதானே?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "அண்ணி! கேட்டுட்டாளே, குடுத்துடுங்க!"

அண்ணி திடுக்கிட்டுப் போனார். "ஏம்மா, இடது கையால இல்ல கேக்கறா? நீ வலது கைப் படம்ல ஒட்டி வச்சிருக்க? அப்படியே செய்ய வைக்கணும்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். அதே சொற்களில் சொன்னேன். வீட்டில் அவள் எந்தக் கையால் கேட்டாள் என்று நான் கவனித்ததே இல்லை.

"நான் வலது கையாலதான் அண்ணி சொல்லிக் குடுத்தேன். எப்படி இடது கை வந்துச்சு?"

"எப்படிச் சொல்லிக் குடுத்த? எங்க உக்காந்து?"

"இப்படித்தான். எதிர்ல."

அண்ணி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அண்ணி எட்டி மெஷின் மேலிருந்த ஒரு ஜாக்கெட்டின் இரண்டு முன்துண்டுகளை எடுத்து என் நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

"ஒனக்கு வலது பக்கம், எதிர்ல நிக்கற எனக்கு எடப் பக்கம். துணியத் திருப்பிப் போடாம வெட்டுனா ரெண்டும் ஒரே பக்கத்துக்கு வந்து நிக்கும். நானும் புதுசுல எத்தன துணிய நாசம் பண்ணியிருக்கேன் தெரியுமா? நீ வலது கையத் தூக்குனா, ஒனக்கு நேரா இருக்கறது அவளுக்கு எடது கை. அதத்தான் தூக்குது. கண்ணாடியில பாக்கற மாதிரி."

நோயாளிகளுக்கு எதிரே உட்கார்ந்து, "அந்தக் கை இல்லைங்க, உங்க இடது கை" என்று தினம் இருபது பேருக்காவது சொல்கிறவள் நான். அதற்குத்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அண்ணி, இடது கையால கேக்கறான்னு?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ படிச்சுப் புரிஞ்சு செய்ற விஷயம்னு சொல்லிட்ட. சரி, இதுல ஏதோ இருக்கு போலன்னு விட்டுட்டேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. பாயில் உட்கார்ந்து, "தப்பாச் சொல்லிட்டேன் அண்ணி. மன்னிச்சுடுங்க" என்றேன். அப்படி நான் யாரிடமும் எளிதில் சொல்கிறவள் இல்லை. அண்ணி பாலாடையில் பாலை ஊற்றிக்கொண்டே, "சரி சரி, மூக்கச் சிந்திட்டுப் போய்க் கையக் கழுவு. பஸ்ஸுல கம்பியப் புடிச்ச கை" என்றார்.

அதோடு முடிந்துவிடவில்லை. எந்தக் கையால் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்றேன் நான். எப்படி முடியும் என்றார் அண்ணி. "நாளைக்கு வளந்து, விருந்துல பந்தியில உக்காந்து எடது கைய நீட்டுனா யாரச் சொல்லுவாங்க? வளத்தவளத்தான சொல்லுவாங்க?" அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. எனக்கும் பத்து நாளுக்குள் பிள்ளை பால் குடித்தாக வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லை. கடைசியில் இப்படி ஒப்புக்கொண்டோம்: பிள்ளை எந்தக் கையைத் தூக்கினாலும் அண்ணி உடனே பால் கொடுத்துவிடுவார், நான் வலது கையைப் பழக்கிக் கொடுத்துவிட வேண்டும், ஆனால் இடது கையைத் தடுக்காமல்.

எப்படிப் பழக்குவது என்றும் அவரே சொன்னார். "எதிர்ல உக்காராத. மடியில வச்சுக்க. அவ பாக்கற பக்கமே நீயும் பாரு. அவ கைக்குப் பக்கத்துல ஒன் கை இருக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க அவளை மடியில் சாய்த்து, அவள் தலைக்கு மேல் என் மோவாயை வைத்து, அவளுடைய வலது கைக்குப் பக்கத்தில் என் வலது கையை மூடித் திறந்தேன். முதல் இரண்டு நாள் கையையே எடுக்கவில்லை. அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை போலும். மூன்றாம் நாள், அண்ணி வீட்டில், பயந்து பயந்து இடது கையைத் தூக்கி ஒரு தடவை மூடினாள். அண்ணி தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து பாலாடையை எடுத்தார். அவர் கையால் என் மகள் குடித்த முதல் பால் அதுதான். நான் பக்கத்து அறையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் இருவர் வழக்கையும் தானே தீர்த்துவிட்டாள். இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கி, இரண்டு முஷ்டிகளையும் ஒன்றாக மூடித் திறந்தாள். ரொம்பப் பசி என்றால் கால் விரல்களும் சேர்ந்து மடங்கின. "இப்பச் சொல்லுங்க அண்ணி, இது எந்தக் கை?" என்று கேட்டேன். "சோத்தாங்கையும் இருக்குல்ல, போதும்" என்றார் அண்ணி.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு அவளைத் தூக்கத்திலேயே அண்ணி வீட்டுத் தூளியில் மாற்றிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஏதோ அங்கிருந்து தெரியப்போவது போல. கோட்டு இறுக்கமாக இருந்தது. தோழி என்னைக் கட்டிக்கொண்டு, பிள்ளை எப்படி என்று கையால் கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர், வெறும் வயிற்றோடு வந்திருந்தார். நல்ல நரம்பு, கண்ணுக்கே தெரிந்தது. நான் இரண்டு தடவை குத்தினேன்.

"புதுசாம்மா?" என்றார்.

"இல்லைங்கய்யா, பழசுதான்" என்றேன்.

பத்தேகாலுக்குப் பையில் போன் அதிர்ந்தது. எட்டு பேர் காத்திருந்தார்கள். கையுறையைக் கழற்ற முடியாது. அந்த எட்டுப் பேருக்கும் எடுத்து முடித்தேன். பிறகு மாடிப்படியடியில் போய் நின்று, அண்ணி அனுப்பியிருந்த குரல் பதிவைக் காதில் வைத்தேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"குடிச்சுட்டா. ரெண்டு தடவ கேட்டா, ரெண்டு தடவையும் குடுத்தேன். மூணாவது தடவ சும்மா என்னச் சோதிச்சுப் பாக்கறா. நீ ஒழுங்கா ஊசி குத்து."

அதை நான்கு முறை கேட்டேன். திரும்பி வந்து தோழியிடம் சைகையால் சொன்னபோது, என்னை அறியாமல் நானும் இரண்டு கைகளாலும்தான் சொன்னேன். அன்றைக்கு அதற்குப் பிறகு யாரையும் இரண்டு தடவை குத்தவில்லை.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். நானும் பிள்ளையும் மட்டும் வீட்டில். காலை ஒன்பது மணி இருக்கும். விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று என்னைப் பார்த்துத் தன் காதைத் தொட்டாள். விட்டுவிட்டு மறுபடி தொட்டாள். காதைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பகீரென்றது. காது வலியா? சீழ் வைத்திருக்குமா? நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை. காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவள் இப்போது காதைத் தொட்டுக்கொண்டே அழவும் ஆரம்பித்துவிட்டாள். அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, காதப் புடிச்சுப் புடிச்சு இழுக்கறா. டாக்டர்ட்ட போலாமா?"

"கீரைக்காரம்மா குரல் கேக்குதா பாரு" என்றார்.

ஜன்னலைத் திறந்தேன். சந்து முனையில், "அரக்கீரே, மொளக்கீரேய்..." என்று குரல் தேய்ந்துகொண்டே போனது.

"அதான். அந்தம்மா சத்தம் கேட்டா இவ காதத் தொடுவா. நான் வாசலுக்குத் தூக்கிட்டுப் போகணும். அவங்க ஒரு கீரைத்தண்ட கையில குடுப்பாங்க, இவ கடிப்பா. தெனம் நடக்குதே."

"நான் இதச் சொல்லிக் குடுக்கவே இல்லையே அண்ணி?"

"நான் மட்டும் சொல்லிக் குடுத்தனா? அவளாத் தொட்டா. நான் புரிஞ்சுக்கிட்டேன். பேசிட்டு நிக்காம ஓடு, அந்தம்மா தெப்பக்குளத்துப் பக்கம் திரும்பிட்டா அப்புறம் புடிக்க முடியாது."

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் சந்தில் ஓடினேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, காதைத் தொட்டபடியே என் தோளுக்கு மேல் முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏங்க! கீரையம்மா! நில்லுங்க!" என்று நான் கத்தினேன். முனையில் தலையில் கூடையோடு ஒருவர் திரும்பிப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் பார்த்துத்தான் நின்றார்.